பத்தில் ஆறு பங்கு உயிர்

என் படிப்பை எங்கள் குடும்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அதற்கு ஒரு ரைஸ் குக்கர்தான் காரணம். நான் முனைவர் பட்டம் முடித்த வருடம் அம்மா புதிதாக வாங்கிய குக்கரின் வயிற்றில் 'ஃபஸி லாஜிக்' என்று ஒட்டியிருந்தார்கள். என் ஆய்வேட்டின் அட்டையிலும் அதே சொல். தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, சோறு ஆக்கவா இத்தன வருசம் படிச்ச?" என்று கேட்டான். அன்றிலிருந்து எங்கள் ஊரான குருண் பக்கம் எனக்கு ரைஸ் குக்கர் டாக்டர் என்று பெயர். கல்யாணப் பந்தியில் சோறு கொஞ்சம் குழைந்துபோனாலும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் கேட்டதில் பாதி உண்மை இருந்தது. நான் வடக்கு மலேசியாவில், அலோர் ஸ்டாரில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன், வீடு மெர்கோங்கில். தெளிவில்லாத, நிச்சயமில்லாத தகவல்களை வைத்துக்கொண்டு எப்படி ஒழுங்காக யோசிப்பது என்பதுதான் என் துறை. பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு பொருள் ஒரு கூட்டத்தில் இருக்கும், அல்லது இருக்காது. எங்கள் கணக்கில் முக்கால்வாசி இருக்கலாம். அரிசி முக்கால் வேக்காடு என்று மனிதனால் சொல்ல முடியும்போது இயந்திரத்தால் ஏன் முடியாது என்ற மாதிரிக் கேள்விகள் அவை.

இதற்கு ஒட்டினாற்போல் இன்னொரு கணக்கு உண்டு. பலர் சொல்லும் சான்றுகளை ஒன்றாகச் சேர்க்கும் கணக்கு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்று துளியும் தெரியாதபோது, சாதாரண நிகழ்தகவு நம்மைப் பாதிக்குப் பாதி என்று சொல்லவைக்கும். அது பொய். பாதிக்குப் பாதி என்பது காசைச் சுண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் சொல்வது. ஒன்றுமே தெரியாது என்பது வேறு. சான்றுக் கணக்கில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு பெட்டிகளோடு 'தெரியாது' என்று மூன்றாவது பெட்டியும் உண்டு. ஒன்றும் தெரியாதபோது எல்லாப் பங்கையும் அதில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். மூன்றில் அதுதான் நேர்மையான பெட்டி என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிவந்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

தம்பி குருணில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு நாட்களில் யான் கடற்கரைக்குப் போய், தெரிந்த மலாய்க்காரர் ஒருவரின் சின்னச் சம்பான் படகை எடுத்துக்கொண்டு தனியாக மீன் பிடிக்கப் போவான். ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்படிப் போனவன் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் கரையில் நின்றது. சிலிப்பர் இரண்டும் அதன் கூடைக்குள் கிடந்தன. சம்பானை மறுநாள் வடக்கே தள்ளிக் கவிழ்ந்த நிலையில் கண்டுபிடித்தார்கள். பொம்பா என்கிற தீயணைப்புக்காரர்களும் கடல் போலீசும் தேடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

"ஒடம்பு கெடைக்கலன்னா உசுரு இருக்குன்னுதான அர்த்தம்" என்றாள் அம்மா. தாய்லாந்து மீன்படகு ஏதோ அவனைத் தூக்கிப் போயிருக்கும், நினைவு தப்பி எங்கோ கிடக்கிறான், ஒருநாள் எல்லாம் ஞாபகம் வந்து திரும்பிவிடுவான் என்று அவள் ஒரு முழுக் கதையே வைத்திருந்தாள். சினிமாவில்தான்மா அப்படி நடக்கும் என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

தம்பியின் மனைவிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. குருணில் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவளுடைய அக்கா ஜொகூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு வேலை பார்த்து வைத்து, தங்க அறையும் தயார் பண்ணிவிட்டு, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் உயிரோடு இருந்தால் இவள் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கருமாதியை முடித்துவிட்டுப் போகலாம். போய்விட்டான் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருடம் வேண்டும். உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி செய்தால் அவன் ஆயுசு போய்விடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே கேள்வியில் தொங்கிக்கொண்டு நின்றது.

நடுவில் இருக்கிறவள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அம்மாவே சட்டம் போட்டாள். பொட்டு வைக்கலாம், பூ வைக்கக் கூடாது. தாலி இருக்கட்டும், ஆனால் வெளியே தெரிய வேண்டாம். கலர்ச் சேலை பரவாயில்லை, பட்டு வேண்டாம். மீதிச் சட்டங்களை ஊர் போட்டது. ஒரு கல்யாணத்தில் தட்டு தூக்கும் வரிசையில் அவளையும் நிற்கச் சொன்னார்கள். கடைசியாக, கையில் தட்டில்லாமல். வளைகாப்புக்கு அழைத்தவர்கள் சாப்பிட அழைத்தார்கள், வளையல் அடுக்கும்போது கூப்பிடவில்லை. கோயிலில் ஒரு அம்மாள் அவள் நெற்றிக்குக் குங்குமத்தைக் கொண்டுவந்து, பாதி வழியில் யோசித்து, "நீயே வச்சுக்கம்மா" என்று உள்ளங்கையில் போட்டுவிட்டு நகர்ந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எத்தனையோ வருடமாக வகுப்பில் வரைந்து காட்டுகிற சாய்கோடு அது. ஒரு கூட்டத்தில் எத்தனை பங்கு உறுப்பினர் என்று காட்டுகிற கோடு. அதை இங்கே ஒரு பெண்ணின் நெற்றியில் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று காரில் அவள் சொன்னாள்: "அண்ணி, முழுசா ஏதாவது ஒண்ணா இருந்தாப் போதும். எதுவா இருந்தாலும் பரவால்ல."

சாட்சிகள் அதன் பிறகுதான் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக, ஓடுகிறவன். நாங்கள் முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்து ஆள். பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் டானோக் பாசாரில் தம்பியைப் பார்த்ததாகச் சொன்னான். கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டானாம். சில மாதம் கழித்து, குருண் சாலையோரம் தோசைக்கடை போட்டிருக்கும் அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பள்ளி விடுமுறையில் கோயில் பஸ்ஸில் ஹட்யாய் போய்த் திரும்பும்போது டானோக்கில் இறங்கினோம், அங்கே பார்த்தேன், பின்பக்கம்தான், ஆனால் அவன்தான் என்றார். மூன்றாவது, எங்களுக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர். சீனப் பெருநாள் லீவில் டானோக் போனபோது பார்த்தாராம். அவர் கேக் வாங்கி வந்திருந்தார்.

சித்தப்பா கிளம்பிய கையோடு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "சோத்துக்கு மட்டுந்தான் கணக்குப் போடுவியா? மூணு பேரு பாத்துட்டாங்க. எத்தன பங்கு உசுருன்னு சொல்லு."

அவள் கேட்டாள், நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் போட்டேன். பின்பக்கம் மட்டும் பார்த்த சாட்சி என்பதால் ஒவ்வொருவருக்கும் 'உயிரோடு' பெட்டியில் நான்கு பங்கு, மீதி ஆறு 'தெரியாது' பெட்டியில். கவிழ்ந்த சம்பானும் ஒரு சாட்சிதான். அதற்கு 'இல்லை' பெட்டியில் ஆறு பங்கு, 'தெரியாது'வில் நான்கு. இப்படித் தனித்தனியாக வலுவில்லாத சாட்சிகளைச் சேர்க்கும்போது ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து எழுந்துவிடும். சூத்திரத்தின் அழகே அதுதான். மூன்று பேரையும் சம்பானையும் சேர்த்ததில், உயிரோடு இருக்கிறான் என்ற பக்கம் பத்தில் ஆறு பங்கு விழுந்தது.

அந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாட்சிகள் ஒருவரைச் சார்ந்து ஒருவர் இருக்கக் கூடாது. ஒரே வாயிலிருந்து வந்ததை மூன்றாக எண்ணிவிடக் கூடாது. அம்மாவிடம் அதையும் சொன்னேன்.

"அதெல்லாம் சார்ந்து இல்ல. அவங்க மூணு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது" என்றாள்.

அதுவும் நிஜம். கோயில் கமிட்டித் தேர்தலில் முட்டிக்கொண்டதிலிருந்து தோசைக்கடை அக்காவும் கெலிண்டானும் முகம் பார்ப்பதில்லை. சித்தப்பா இரண்டு பேரையும் பார்ப்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டவர்கள் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்பது எங்கள் ஊர் நியாயம். பார்க்கப்போனால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரத்துக்குள் குருண் முழுக்கத் தெரிந்துவிட்டது. "என் மக கணக்குப் போட்டுட்டா, பத்துல ஆறு" என்று அம்மா கோயிலில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், கிளினிக்கில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னாள். மீதி நான்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தம்பி இருந்திருந்தால், "சோறு இன்னும் நாலு பங்கு வேகல" என்று சொல்லியிருப்பான்.

கேட்டவள் அவன் மனைவி ஒருத்திதான். அவன் காணாமல்போய் ஒரு வருடம் முடிகிற சமயம் பஸ் ஏறி மெர்கோங்குக்கு என்னைத் தேடி வந்தாள். காப்பகத்தில் அதற்கு மேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"அந்த ஆற இன்னொரு தடவ சரியாப் பாத்துச் சொல்லுங்க அண்ணி. ஆறுதான்னா இருந்துர்றேன். இல்லன்னா நான் போறேன். அத்தகிட்ட இத நான் கேக்க முடியாது."

மூன்று பேரையும் தனித்தனியே போய்ப் பார்த்தேன். கதையைக் கேட்காமல், அவன் என்ன போட்டிருந்தான், கையில் என்ன வைத்திருந்தான் என்று மட்டும் கேட்டேன். கெலிண்டான் சொன்னான்: நீலத் தொப்பி, ஐஸ் பெட்டி, இடது கையில் துணிக்கட்டு. தோசைக்கடை அக்கா சொன்னார்: நீலத் தொப்பி, ஐஸ் பெட்டி, இடது கையில் துணிக்கட்டு. சித்தப்பாவும் அதையே சொன்னார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒருவர் பார்க்கிறார், பள்ளி விடுமுறையில் ஒருவர், சீனப் பெருநாளில் ஒருவர். மாதக்கணக்கில் ஆறாத புண் எது? இது மூன்று பார்வை இல்லை, ஒரே பார்வைக்கு மூன்று வாய் என்று முடிவுகட்டிக்கொண்டு கெலிண்டானிடம் திரும்பிப் போனேன்.

அவன் அதிகம் மல்லுக்கட்டவில்லை. கைபேசியை எடுத்துக் காட்டினான். பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் யாரோ போட்ட சின்ன வீடியோ. டானோக் பாசாரில் ஒருவன் ஐஸ் பெட்டி இறக்குகிறான். முதுகும் தொப்பியும் கட்டுப்போட்ட கையும் தெரிகின்றன. 'இது நம்ம பையன் இல்ல?' என்று கீழே எழுதியிருந்தது.

"டானோக் போனது நெசந்தான்க்கா. பாத்தது இதுலதான்" என்றான்.

"அப்புறம் ஏன் நேர்ல பாத்தேன்னு சொன்ன?"

"பொய்யின்னு இல்லக்கா. அம்மாவப் பாக்க வரணும்னு ரொம்ப நாளா நெனப்பு. அந்த வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிலா வர்றது?"

"பிஸ்கட் கொண்டாந்தியே."

"பிஸ்கட்டு யாருக்கு வேணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

தோசைக்கடை அக்கா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே அழுதார். வீடியோ பார்த்து ரொம்ப நாளானதில் நேரில் பார்த்ததாகவே அவருக்கு ஆகிவிட்டிருக்கலாம். சித்தப்பா என்மேல் பாய்ந்தார். படித்துவிட்டால் பெரியவர்களைச் சந்தேகப்படலாமா என்றார். துக்க வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகிற மாதிரி மூன்று பேரும் ஆளுக்கொரு சாட்சியம் வாங்கி வந்திருக்கிறார்கள். நம்பிக்கையில்லாத சாட்சியின் பங்கைக் குறைத்துப்போட எங்கள் கணக்கில் வழி உண்டு. கண் மங்கியவனுக்குக் குறைக்கலாம், பொய்யனுக்குக் குறைக்கலாம். பாசத்தில் சொன்னவனுக்கு எத்தனை குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றை ஒன்றாக்கி மறுபடி போட்டேன். ஆறு என்பது இரண்டாக இறங்கியது. 'இல்லை' பக்கம் கிட்டத்தட்ட ஐந்து ஏறியது. தம்பி மனைவியிடம் அதைச் சொல்லி, கெலிண்டானிடம் வாங்கிவந்த வீடியோவைக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

"பின்னாடியிலேருந்து அவரேதான் அண்ணி" என்றாள். "அந்த ரெண்டு பங்கையும் போயிப் பாத்துரலாம்."

அம்மாவிடம் சொல்லாமல் போக முடியவில்லை. சொன்னதும் தம்பியின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தாள். தானும் வருகிறேன் என்று நின்றவளை, பாஸ்போர்ட் இல்லை என்பதைச் சொல்லி உட்காரவைத்தோம்.

புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி டானோக்கில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீடியோவைக் காட்டியதும் ஒரு பழக்கடைக்காரி சிரித்துக்கொண்டே மீன் வரிசையைக் காட்டினாள். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். தோளின் சரிவு, கழுத்து, நிற்கிற விதம் எல்லாமே தம்பிதான். சான்று, பங்கு, பெட்டி எல்லாம் பறந்துபோய், டேய் என்று கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் அவன் திரும்பினான்.

வேறு ஆள். பர்மாக்காரன்போல இருந்தான். தம்பியைவிடப் பத்து வயதாவது சின்னவன். இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. ஐஸ் படாமல் இருக்க அதை எப்போதும் துணியால் சுற்றிவைத்திருப்பானாம். ஆக, மாதக்கணக்கில் அவிழாத கட்டுதான் அது. யார் எப்போது போயிருந்தாலும் அதே கட்டைத்தான் பார்த்திருப்பார்கள். நான் துப்புத் துலக்கிய லட்சணம் இது. தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டு சரியான விடைக்கு வந்திருந்தேன். என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண்ணில் கைவைத்திருப்பேன்.

மீன் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினாள். அவன் தயங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டான்.

திரும்பும் வழியில் நான்தான் பேசினேன். பேசாமல் இருக்க எனக்கு அன்று தெரியவில்லை. "இவன் இல்லன்னா செத்துட்டான்னு ஆயிராது. இருக்கான்னு சொன்ன சாட்சிதான் போச்சு. சம்பான் மட்டுந்தான் மிச்சம். இல்லங்கிறதுக்கு ஆறு பங்கு, தெரியாதுங்கிறதுக்கு நாலு."

"அந்த நாலு எப்ப அண்ணி தீரும்?"

"ஒடம்பு கெடைச்சாத் தீரும்."

"கெடைக்காட்டி?"

"தீராது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜித்ரா தாண்டி, அலோர் ஸ்டார் தாண்டி, ஜெராய் மலை தெரியத் தொடங்கியது. குருணுக்குள் நுழையும்போது, "அத்தகிட்ட நான் சொல்றேன், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். உண்மையைச் சொல்ல என்னைவிட அவளுக்குத்தான் உரிமை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தம்பி மனைவி அவளை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் தானும் உட்கார்ந்தாள்.

"பாத்தோம் அத்த" என்றாள். "அவருதான்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நல்லா இருக்காரு. மீன் யாவாரம் பண்றாரு. வர மாட்டேன்னுட்டாரு அத்த. அங்க ஒருத்தி இருக்கா."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாருக்குப் பொய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"நீயும் பாத்தியா?"

கீழே உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாத்தேம்மா" என்றேன்.

"கையில கட்டுன்னாங்களே, என்ன அது?"

"ரெண்டு வெரலு இல்லம்மா. சுண்டு வெரலும் பக்கத்து வெரலும்."

அதுதான் அவளை நம்பவைத்தது. அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் நிஜம். அம்மா தன் இடது கையை மடியில் விரித்துவைத்து, அந்த இரண்டு விரலையும் மற்றக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னதில் அந்தக் கையால்தான் அவன் சாப்பிடுவான், அடித்து மாற்றினேன் என்று சொல்லி அழுதாள். சட்டையை வாங்கிக்கொண்டானா என்றாள். வாங்கிக்கொண்டான் என்றோம். கும்பிட்டான் என்றும் சொல்லிவிட்டேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "என்னையக் கேட்டானா?"

இதை இருவருமே எதிர்பார்க்கவில்லை. கேட்டான் என்று சொன்னால் நாளைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுவாள், டானோக்குக்கு வந்து நிற்பாள். அவள் போய் நிற்காமல் இருக்க ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"கேக்கலம்மா" என்று நான் சொன்னேன்.

பிறகு சமையலறையில் நான் தம்பி மனைவியைப் பிடித்து உலுக்கினேன். என்ன காரியம் பண்ணினாய் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"அவரு இல்லன்னு சொன்னா அத்த அடுத்த ஆளத் தேடுவாங்க அண்ணி. இன்னும் நாலு பேரு பிஸ்கட் டின்னோட வருவாங்க. நானும் இந்தப் பொட்டோட ஒக்காந்திருக்கணும். செத்துட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உசுரோட இருக்காருன்னாவது சொல்லலாம்ல?"

மூன்றாவது பெட்டியில் கிடந்தவள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நானும் அவளோடு சேர்ந்து உடைத்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஒரு மாதத்துக்குள் அவள் ஜொகூருக்குப் போய்விட்டாள். போ என்று சொன்னதே அம்மாதான். "அந்த நாய்க்காக நீ ஏன் காயணும்?" என்று சொல்லி, தன் கையாலேயே தலையில் பூ வைத்து அனுப்பினாள். ஊரில் யாரும் அவளைப் பாதி விதவையாகப் பார்க்கவில்லை. புருஷன் விட்டுப்போனவள் என்றார்கள். அது முழுசான பெயர், அவள் கேட்ட மாதிரியே. காப்பகத்தில் பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று எப்போதாவது படம் அனுப்புவாள். தம்பியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

அம்மாவுக்கு இப்போது சந்தேகம் என்று ஒன்று இல்லை. பத்துக்குப் பத்து. கவிழ்ந்த சம்பானை அவள் மறந்தேபோனாள். கெலிண்டான், தோசைக்கடை அக்கா, சித்தப்பா மூன்று பேருக்கும் ஊரில் மதிப்புக் கூடிவிட்டது. அன்றைக்கே சொன்னோமே என்கிறார்கள். கெலிண்டான் மட்டும் என்னைக் கண்டால் ஒதுங்கிப்போகிறான்.

போன ஆடி அமாவாசைக்கு நான் குருணில் இருந்தேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் செத்துப்போனவர்களுக்குத் தண்ணீர் விட, யான் கரைக்குக் காலையிலேயே வேன் பிடித்துப் போனார்கள். நானும் அம்மாவும் வாசல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வேன் போன திசையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவன் அந்தக் கடல்லயே போயிருந்தா நான் வருசா வருசம் போயி அழுதிருப்பேன்" என்றாள். "எனக்கு அந்தக் குடுப்பினையும் இல்ல. ஒரு சொட்டு வர மாட்டேங்குது அவனுக்கு."

கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். அந்த வீட்டில் என் தம்பிக்காக அழ இப்போது யாரும் இல்லை.